மெல்போர்னுக்கு நாங்குநேரி வழியாக

மெல்போர்னுக்குப் போகிறவர்கள் சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி மாறி, மறுநாள் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். நான் பாளையங்கோட்டையில் டவுன் பஸ் ஏறி நாங்குநேரி, பாபநாசம், ஏரல் என்று சுற்றினேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இருந்தாலும் வெளிநாட்டுப் பயணத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் எனக்கும் கிடைத்தது. பை சோதனை, குறுக்கு விசாரணை, நடுவழியில் இறக்கிவிடுதல், வயிற்றுக் கோளாறு, எதிலும் குறை வைக்கவில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை மட்டும்தான் விழவில்லை.

என் பெயர் உலகம்மை. பாபநாசத்து அம்மன் பெயர். பெயரில் உலகம் இருக்கிறதே தவிர, நான் பார்த்த உலகம் தெற்கே கன்னியாகுமரியிலும் வடக்கே சென்னையிலும் முடிந்துபோகிறது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். ஊரார் பிள்ளைகளுக்குப் போகிற வெளிநாட்டுப் பார்சலையெல்லாம் நிறுத்துப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பினேன். வருகிறவர்களிடம் "இது இங்க இல்ல, அடுத்த கவுன்டர்" என்று சளைக்காமல் சொல்லியும் வந்தேன். அந்தப் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

எனக்கு ஒரே மகள், வடிவு. கல்யாணமாகி மெல்போர்னில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் மீனா என்று ஒரு பேத்தி. என் வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆனபோது திவசத்துக்கு வடிவு வந்திருந்தாள். ஊருக்குத் திரும்புகிற அன்று, பெட்டியில் பருப்புப் பொடியை அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"யம்மா, நீ தனியா இங்கன கெடந்து என்ன செய்யப் போற? எங்ககூட வந்து இருந்திரேன்."

"எனக்கு எதுக்குட்டி அந்த ஊரு? பொண்ணு வீட்டுல வந்து உக்காந்துக்கிட முடியுமா? வேண்டாம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மறுப்பு என்று அர்த்தமில்லை. இது ஒரு நடைமுறை. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால், "வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். கேட்டவர் அதைக் காதில் வாங்காமல் போய் அடுப்பில் பாலை வைக்க வேண்டும். பால் பொங்கும் வாசனை வரும்போது "அரை டம்ளர் போதும்" என்று நாம் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். முழு டம்ளர் வரும். குடித்துவிட வேண்டும். கேட்டவுடனே சரி என்று சொல்கிறவர்களைக் காணாததைக் கண்டவர்கள் என்று சொல்வோம். ஒரு காப்பிக்கே இவ்வளவு நடைமுறை என்றால், மிச்ச ஆயுசைக் கழிப்பதற்கு எத்தனை தடவை கேட்க வேண்டும்?

வடிவு அடுப்பில் பாலை வைக்கவில்லை. "சரிம்மா, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். விமானமும் ஏறிவிட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற ஊரில் எட்டு வருஷம் இருந்தால் பெற்ற மகளும் இப்படித்தான் ஆவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வந்தாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மீனா ஆடுகிறாள் பார் என்றெல்லாம் பேசினாள். எங்ககூட வந்து இருந்திரேன் என்று இரண்டாவது தடவை மட்டும் கேட்கவே இல்லை. நானும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு, கேட்டால் எப்படி மறுபடியும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சம்மதிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மாதங்கள் போயின.

சரி, அவள் கேட்கிற நேரம் கேட்கட்டும், அதற்குள் எந்த விசாவில் எத்தனை நாள் இருக்கலாம் என்றாவது தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். கிளம்பத் தயாராக இருக்க வேண்டும், தயாராக இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. அதற்காகப் பக்கத்து வீட்டு மரகதத்தைப் பிடித்துக்கொண்டேன். யார் கேட்டாலும் "எனக்கு இல்ல, பக்கத்து வீட்டு மரகதத்துக்கு" என்பதுதான் பதில். மரகதத்துக்கு இது தெரியாது. அவளுடைய இரண்டு மகன்களும் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

முதல் நாள் பாளையங்கோட்டையை ஒட்டிய வண்ணாரப்பேட்டை. ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் வெளிநாட்டு ஆலோசனை நிலையம். சுவரில் உலகத்தின் முக்கியமான கட்டடங்கள் எல்லாம் ஒட்டியிருந்தன. கீழிருந்து முட்டை பப்ஸ் வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. சைவக்காரி நான், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். டை கட்டின நடுத்தர வயதுக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கு மேடம் விசா?"

"மரகதம்னு ஒருத்தி. அறுபத்தெட்டு வயசு. ஒரே மக, ஆஸ்திரேலியாவுல."

ஆலோசகர் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் இருந்ததை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். சுற்றுலா விசா என்றால் மூன்று மாதம், ஆறு மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வருஷம். போன இடத்தில் இருந்துகொண்டு நீட்டிக்க முடியாது என்று பெரும்பாலும் ஒரு நிபந்தனையும் சேர்த்தே வரும். மனு போடும்போது, திரும்பி வந்துவிடுவேன் என்று அதிகாரி நம்புகிற மாதிரி காட்ட வேண்டும்.

"இங்க அவங்களுக்கு யார் யார் இருக்கா மேடம்? வீடு, பென்ஷன் போக, திரும்பி வாரதுக்கு ஆளு யாராவது?"

"வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு. ஆளு யாரும் இல்ல" என்றேன். சொல்லி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மரகதத்துக்காக நான் அவ்வளவு வருத்தப்பட்டதை அவர் வித்தியாசமாகப் பார்த்தார்.

நிரந்தரமாகப் போவதற்கும் வழி இருக்கிறதாம். பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும். அதில் நான் தேறிவிட்டேன், பெற்றதே ஒன்றுதான். அதில் இரண்டு வரிசை. ஒன்றில் பணம் கண்ணைக் கட்டும், வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இன்னொன்றில் பணம் குறைவு, முறை வருவதற்கு முப்பது வருஷம்கூட ஆகலாம். எனக்கு அப்போது நூறு நெருங்கியிருக்கும். மீனாவின் பேரன் வந்து விமான நிலையத்தில் என்னை வரவேற்பான்.

"தாய்லாந்து பாக்கலாம் மேடம்" என்றார் ஆலோசகர். "அம்பது வயசுக்கு மேல ரிட்டயர் ஆனவங்களுக்குன்னே தனி விசா இருக்கு. மலேசியாவும் உண்டு, பாங்க்ல டெபாசிட் காட்டணும். போர்ச்சுகல் இருக்கு, மாசம் பென்ஷன் வந்தா போதும்."

எனக்கு ஒரு ஈ காக்கை தெரியாத நாடெல்லாம் வா வா என்று பாய் விரிக்கிறது. மகள் இருக்கிற ஊரில் மட்டும் கதவைத் திறக்க முப்பது வருஷம். போர்ச்சுகலில் போய் உட்கார்ந்து யாருக்கு நான் சொதிக் குழம்பு வைத்துக் கொடுப்பது?

கடைசியாக, பெற்றோருக்கென்றே தற்காலிக விசா ஒன்று இருக்கிறது என்றார். மூன்று வருஷம், அல்லது ஐந்து வருஷம். சேர்ந்தாற்போல் இருக்கலாம். நான் நாற்காலி நுனிக்கு வந்தேன்.

"ஆனா மேடம், இதுக்கு முதல் மனு அந்தம்மா போட முடியாது. மகதான் போடணும். நான் எங்கம்மாவக் கூப்பிடுதேன், செலவெல்லாம் என் பொறுப்புன்னு. அத அவங்க ஒத்துக்கிட்ட பொறகுதான் அந்தம்மா விண்ணப்பிக்க முடியும். மக கூப்பிட்டிருக்காளா?"

"ஒரு தடவ கூப்பிட்டா" என்றேன்.

"பெறவென்ன? சரின்னு சொல்லிர வேண்டியதுதானே."

சரின்னு சொல்லிவிடுவதாம். இந்த ஆளுக்கு எந்த ஊர் என்று தெரியவில்லை.

மறுநாள் நாங்குநேரி. என் பெரியம்மா மகன் பெண்டாட்டி சரோஜா மதினி அங்கே இருக்கிறாள், அமெரிக்காவுக்கு மூன்று தடவை போய் வந்தவள். புதிய பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் நின்றது. போர்டில் நாங்குநேரி என்று எழுதியிருந்ததை நம்பி ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"நாங்குநேரியா? உள்ள போகாதும்மா. பைபாஸு" என்றார் கண்டக்டர்.

"போர்டுல போட்டிருக்கே?"

"போர்டு போகும். பஸ் போகாது."

இந்த விளக்கத்துக்கு மேல் எந்தத் தூதரகமும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. நாலுவழிச் சாலையில் வெயிலில் இறக்கிவிட்டு பஸ் பறந்தது. மெல்போர்னுக்கு நேர் விமானம் இல்லை என்று வடிவு குறைப்படுவாள். நாங்குநேரிக்கே இல்லை. ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. நோய்க்கு மருந்தாகப் பெருமாள் கோயில் எண்ணெய்க் கிணற்று எண்ணெய் வாங்கப் போகிற ஒரு குடும்பத்தோடு இடுங்கிப் போய்ச் சேர்ந்தேன்.

"வாங்க மதினி வாங்க. காப்பி போடட்டா?"

"வேண்டாம் மதினி. இப்பம்தான் பஸ் ஸ்டாண்டுல குடிச்சேன்." பஸ் ஸ்டாண்டில் நான் குடித்தது டீசல் புகை.

மதினி அதற்குள் அடுப்படிக்குப் போயிருந்தாள். இவளல்லவா மனுஷி!

அமெரிக்காவில் விசா பத்து வருஷத்துக்குக் கொடுப்பார்களாம், ஆனால் ஒரு தடவை போனால் ஆறு மாதம்தான் இருக்கலாம். மதினி ஆறு மாதம் அங்கே, மிச்சம் இங்கே என்று வாழ்கிறாள். "ரெண்டு வீட்டுலயும் நாந்தான் விருந்தாளி. இங்கன வந்தா தூசி தட்ட ஒரு மாசம், அங்கன போனா எந்த சுவிச்சு எதுக்குன்னு படிக்க ஒரு மாசம்" என்றாள்.

இரண்டாவது தடவை போனபோது, எதற்கு வந்தீர்கள் என்று விமான நிலையத்து அதிகாரி கேட்டிருக்கிறார். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்று மதினி உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளை பார்த்துக்கொள்வது அங்கே வேலையாம், வேலைக்கு இந்த விசா ஆகாதாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்களாம்.

"பேரனுக்குக் கால் கழுவுததுக்குச் சம்பளமா? நான் சிரிச்சிட்டேன் மதினி. அதப் பாத்துத்தான் விட்டாவளோ என்னவோ."

ஆனால் மதினிக்கு மனத்தாங்கல் அந்த அதிகாரி மேல் இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி மேல். ஒரு நாள் வீட்டுக்குள் கூப்பிட்டு, காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். மதினி முறைப்படி "நோ, தாங்க்ஸ்" என்றிருக்கிறாள். ஓ, சரி என்று அந்த அம்மாள் காப்பிப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாளாம்.

"எங் கண்ணு முன்னாலயே வச்சிட்டா மதினி! இன்னொரு வார்த்த கேட்டா கொறைஞ்சா போயிருவா? அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துட்டு. வாசன மூக்குல ஏறிக்கிட்டு நிக்கி."

நான் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிக்க முடியவில்லை.

மத்தியானம் உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், அவியல். போதும் போதும் என்றேன். மதினி நடைமுறை தெரிந்தவள், ஒவ்வொரு போதுமுக்கும் ஒரு கரண்டி வைத்தாள். அதன் பலனாக அடுத்த இரண்டு நாள் வீட்டில் மோரும் சாதமுமாகக் கிடந்தேன். வெளிநாடு போனால் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று சொல்வது உண்மைதான்.

வயிறு தேறினதும் பாபநாசம். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் அப்பளக் கட்டு. பேட்டை தாண்டியதும் விசாரணை ஆரம்பித்தது. பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள், மருமகன் என்ன வேலை, சொந்த வீடா, வீட்டுக்காரர் எதில் போனார், பென்ஷன் யார் பெயரில் வருகிறது. விசா அதிகாரி கேட்கிற கேள்வியையெல்லாம் சேரன்மகாதேவி வருவதற்குள் கேட்டு முடித்துவிட்டாள்.

"மக கூப்பிடலியா?"

"கூப்பிட்டா. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

"நல்லதாப் போச்சு. பொண்ணு வீட்டுல போயி கெடக்கது மரியாதையில்ல பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கிப் போனாள். நான் மனுவே போடவில்லை. அதற்குள் நிராகரித்தாயிற்று.

பாபநாசத்தில் கோயில் வாசலில் நின்று அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு என் பையைப் பிடுங்கிக்கொண்டு மண்டபத்தில் ஏறியது. உட்கார்ந்து நிதானமாகச் சோதனை போட்டது. முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டது. சாமிக்கு வாங்கின வாழைப்பழத்தை வைத்துக்கொண்டது. எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் எறிந்தது. வெறும் பையைக் கீழே போட்டது. மெல்போர்ன் விமான நிலையத்தில் வடிவின் மாமியாருக்கு இப்படித்தான் நடந்ததாம். அங்கே கையுறை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பார்க்க வந்த சங்கரன் அண்ணாச்சி என் வீட்டுக்காரரின் சிநேகிதர். விக்கிரமசிங்கபுரத்து மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவர், கனடாவில் மகன் வீட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். படித்துறையில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றார். சுற்றிலும், பாவம் தொலையட்டும் என்று யார் யாரோ ஆற்றில் விட்ட வேட்டியும் சேலையும் கரையில் ஒதுங்கிக் கிடந்தன.

"கனடாவுல பெத்தவங்களுக்குன்னு சூப்பர் விசான்னு ஒண்ணு குடுக்கான். ஒரே மூச்சா அஞ்சு வருசம் இருக்கலாம். மகன் சம்பளம் காட்டணும், நமக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும், அவ்வளவுதான். அருமையான விசா தங்கச்சி!" என்றார்.

மாப்பிள்ளை பார்க்கும்போது பத்துப் பொருத்தம் பார்த்தோம். பதினோராவதாக விசாப் பொருத்தம் ஒன்று பார்த்திருந்தால் வடிவைக் கனடா மாப்பிள்ளைக்கே கொடுத்திருக்கலாம். ஜோசியரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

"அப்பம் ஏன் அண்ணாச்சி ஒரு வருசத்துல வந்துட்டீய?"

"குளிர் தங்கச்சி. ஆறு இல்ல பாத்தியளா" என்று சொல்லிவிட்டுத் துண்டைப் பிழிவதில் மும்முரமானார்.

வீட்டில் அவர் மனைவி பாக்கியம்தான் உள்ளதைச் சொன்னாள். அண்ணாச்சி பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்துப் பைய என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குளிரு இல்ல மதினி. மகன் தங்கமானவன்தான். ஒருநாள் சாப்பிடுதப்ப, 'யப்பா, எப்பம் டிக்கெட் போடட்டும்?'னு கேட்டான். சும்மா கேட்டானோ, நெனச்சிக் கேட்டானோ. இவிய அன்னைக்கே பெட்டிய எறக்கிட்டாவ. அவன் கூப்பிட்டதும் மொறைக்குத்தான் போலன்னு எங்கிட்டச் சொல்லி ராத்திரியெல்லாம் அழுதாவ."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே ஒன்றும் தெரியவில்லை எனக்கு. அதுவரை என் 'வேண்டாம்' ஒரு நடைமுறை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். கேட்பதும் எங்கள் பக்கத்தில் நடைமுறைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டு வேளையில் யாராவது வந்தால், உலையில் அரிசி இல்லாவிட்டாலும் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லுவோம். அவர்களும் வேண்டாம் என்று சொல்லுவார்கள். வடிவும் அப்படிக் கேட்டிருந்தால்? தனியாகக் கிடக்கிற அம்மாவைக் கேட்காமல் எப்படிப் போவது என்று, பருப்புப் பொடியை அடுக்குகிற வாக்கில் ஒரு தடவை கேட்டிருந்தால்? நல்லவேளை அம்மா வேண்டாம் என்றுவிட்டாள் என்று அந்த ஜிப்பை மூடியிருந்தால்? இரண்டாவது தடவை கேட்காததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. பயமாக இருந்தது. விசாவை மறுத்தால் இன்னொரு மனு போடலாம், இதற்கு எங்கே போய் மனு போடுவது?

ஏரலுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனேன். அங்கே மைமூன் இருக்கிறாள். ஸ்ரீவைகுண்டம் தபால் ஆபீஸில் என்னோடு ஒரே கவுன்டரில் உட்கார்ந்தவள், துபாயில் மகனோடு இருந்து வந்தவள். வருஷா வருஷம் விசாவைப் புதுப்பிக்க வேண்டும் என்றாள். மகனுடைய வேலையை ஒட்டித்தான் உம்மாவுடைய விசாவும். அவன் கம்பெனி மாறினபோது இவள் கிளம்பி வர வேண்டியதாயிற்று. புது விசா வந்துவிட்டதாம், இன்ஷா அல்லா அடுத்த மாதம் மறுபடி போகிறாளாம்.

எனக்கென்று தனிப் பாத்திரத்தில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து வைத்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லுமுன்பே தட்டில் வைத்துவிட்டு, "யாருக்குட்டி இந்த ஆஸ்திரேலியா விசாரிப்பு?" என்றாள்.

"பக்கத்து வீட்டு மரகதத்துக்கு."

"மரகதம் மகனுவ ரெண்டு பேரும் மார்க்கெட்டுல கடை வச்சிருக்கானுவன்னு போன பெருநாளைக்கு நீதானே சொன்ன? கடைக்குப் போக எதுக்குட்டி விசா?"

எடுத்த இடியாப்பத்தைத் தட்டிலேயே வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டி, ஜிப்பு, ஞாயிற்றுக்கிழமைப் புடவை, பாக்கியம் சொன்னது வரைக்கும்.

மைமூன் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எம்மவன் என்னையக் கூப்பிடவே இல்லட்டி. வாப்பா மௌத்தான பொறவு, உம்மா வீட்ட விட்டு வரமாட்டான்னு அவனா நெனச்சிக்கிட்டான். நாந்தான் போன் போட்டு, 'ஏலே, எனக்கு இங்கன இருக்க முடியல, என்னையக் கூட்டிட்டுப் போயிரு'ன்னு கேட்டேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. வெக்கத்த வச்சிக்கிட்டு என்ன செய்ய? உன்னையாவது ஒரு தடவ அவளாக் கேட்டிருக்கா."

"அவ மொறைக்குக் கேட்டிருந்தா?"

"அப்பம் அதையும் கேட்டுரு. தெரிஞ்சிக்கிட்டு அழு. தெரியாம எதுக்கு அழுத?"

ஏரலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் காலை நீட்ட இடமில்லை. வழியெல்லாம் வாழைத்தார். டிரைவர் தலைக்கு மேல் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஆற்றுப் பாலம் தாண்டினதும் போன் அடித்தது. வடிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதையே நான் மறந்திருந்தேன். தலை சீவவில்லை. புடவையில் தேங்காய்ப்பால்.

"யம்மா, எங்க இருக்க? ஒரே சத்தமா இருக்கு. சாப்ட்டியா?"

"ஏட்டி, அன்னைக்கு ஒண்ணு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"என்னது? கேக்கல. சத்தமாச் சொல்லு."

வாழ்க்கையில் ரகசியமாகக்கூடச் சொல்ல முடியாத ஒன்றை, ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு நடுவில் கத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுதியிருந்தது.

"எங்ககூட வந்து இருந்திருன்னு கேட்டியே! நெசமாக் கேட்டியா, மொறைக்குக் கேட்டியா?"

டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார். வாழைத்தார்க்காரர் திரும்பிப் பார்த்தார். போனில் வடிவின் முகம் அசையாமல் நின்றது. டவர் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நெசமாத்தாம்மா கேட்டேன்."

"பெறவு ஏன் இன்னொரு தடவ கேக்கல? நான் எத்தன ஞாயித்துக்கெழம காத்துக்கெடந்தேன் தெரியுமா? வேண்டாம்னு சொன்னா திரும்பக் கேக்கணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. நீ மொதல்ல வேண்டாம்னு சொன்னது மொறைக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாவது தடவயும் நீ வேண்டாம்னு சொல்லிட்டின்னா? அது நெசமாயிருமேம்மா. அதான் கேக்கப் பயந்துட்டேன்."

எட்டு வருஷ மெல்போர்ன் மேல் நான் போட்ட பழியெல்லாம் வீண். என் மகள் பாளையங்கோட்டையை விட்டு ஒரு அடிகூட நகராமல்தான் அங்கே இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே பயத்தை இரண்டு கண்டத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

"சரி, இப்பம் கேளு" என்றேன்.

"யம்மா, எங்ககூட வந்து இருந்திருதியா?"

வேண்டாம் என்பது நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அறுபது வருஷப் பழக்கம், அதுபாட்டுக்கு வந்து நிற்கிறது. கண்டக்டர் டிக்கெட் மிஷினைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரேன்" என்றேன்.

"எம்மா, நல்ல வார்த்த சொன்னிய" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

"ஆனா மனு மொதல்ல நீதான் போடணும் பாத்துக்கோ" என்று வடிவிடம் சொன்னேன். "தற்காலிகப் பெத்தோர் விசா. நீ கூப்பிடுததுக்கு அனுமதி வாங்கின பொறவுதான் நான் விண்ணப்பிக்க முடியும். நான் இங்கன இருந்தே போட்டுருதேன். இன்சூரன்ஸ் பாக்கணும். மூணு வருசம் வேண்டாம், அஞ்சு வருசத்துக்கே கேளு."

"இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மரகதத்துக்காக விசாரிச்சேன்."

வடிவு அழுகைக்கு நடுவில் சிரித்தாள். விசா கிடைக்குமா, எப்போது கிடைக்கும், போனபின் எந்த சுவிட்ச் எதற்கு என்று எனக்குப் பிடிபடுமா, ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம், அவளுக்கு நான் வேண்டும் என்பது.

பொழுது சாய வீடு வந்து பூட்டைத் திறந்தேன். மரகதம் சுவருக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பேரில் தாமிரபரணிப் பக்கம் முழுக்க விசா கேட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது தெரியாமல், எப்போதும்போல, "களைச்சுப்போயி வாரீய. காப்பி குடிக்கீயளா அக்கா?" என்றாள்.

"குடு" என்றேன்.

மரகதம் துணிகளை அப்படியே கொடியில் போட்டுவிட்டு வந்தாள். அடுப்படிக்குப் போவாள் என்று பார்த்தேன். நேரே என்னிடம் வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.